பதினான்காம் பக்கம், ஆறாவது வரியைத் திருத்துவது தொடர்பாக

கிலியட் கிராமம்,
ஆன்டிகுவா.
மே 19, செவ்வாய்க்கிழமை, காலை 8.20.

பெறுநர்:
திருமதி வெர்லின் ஜோசையா அவர்கள்,
ஆசிரியர், ‘தீவு ஆண்டுக் குறிப்பேடு’,
செயின்ட் ஜான்ஸ்.

பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கிலியட் கிராமத்திலிருந்து எல்ராய் டெரிக் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்களும் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்திருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி எர்மினாவும் சுகம். தொட்டி சுகமில்லை. துடைப்பக் கட்டையை உள்ளே விட்டுப் பார்த்தால் அடியில் நாலு விரல் ஈரம் காட்டுகிறது, அதிலும் ஒரு விரல் சேறு.

நிற்க. தங்கள் குறிப்பேட்டின் அடுத்த பதிப்பு இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்று வானொலியில் கேட்டேன். கேட்டதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. தயவுசெய்து இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பதினான்காம் பக்கம், ஆறாவது வரி: ‘கிலியட், சராசரி ஆண்டு மழை 44 அங்குலம்.’ அந்த நாற்பத்து நான்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். வெறும் சின்னக் கோடு. ஏன் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான், நானாக இருந்தாலும் கேட்பேன்.

அம்மா, நான் தங்கள் புத்தகத்தை மேம்போக்காகப் புரட்டுகிறவன் அல்ல. முதல் பக்கத்திலிருந்து மனப்பாடமாகச் சொல்வேன். பரப்பளவு நூற்றெட்டு சதுர மைல், சரி. உயரமான சிகரம் ஆயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது அடி, சரி. பேர் சொல்லும்படியாக ஓர் ஆறுகூட இல்லை, வேதனை, ஆனால் சரி. கடற்கரைகள் முந்நூற்று அறுபத்தைந்து என்று போட்டிருக்கிறீர்கள்; அதை யார் எண்ணினார்கள் என்று நான் இன்றைக்குக் கேட்கப் போவதில்லை, ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும். ‘ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம்’ என்று எழுதியவர் பகல் இரண்டு மணிக்கு எங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தை அவர் பேனாவிலிருந்து வந்திருக்காது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். கிலியட்டில் எவ்வளவு மழை என்று கேட்டால் நாற்பத்து நான்கு என்று எழுதி மார்க்கு வாங்குகிறார்கள். அந்த நாற்பத்து நான்கை அளந்து கொடுத்தவன் நான். அது பொய் என்று தெரிந்தபிறகு எனக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்?

(ஒரு நிமிடம் எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கிழக்கில் ஒரு துண்டு மேகம். அது நேரே கடலுக்குப் போய்விட்டது.)

முதலிலிருந்து சொல்கிறேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் குமாஸ்தாவாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். மாவு மூட்டை, சிமெண்ட் மூட்டை, வெங்காய மூட்டை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணுவேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் எண்ண ஒன்றுமில்லை. அதனால் வீட்டில் இருந்ததை எண்ண ஆரம்பித்தேன். ஒரு ரொட்டியில் எத்தனை துண்டு, கூரையில் எத்தனை ஆணி, எர்மினா வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு நடக்க எத்தனை எட்டு. தினமும் எட்டு மாறுவதாக நான் அவளிடம் புகார் சொன்ன அன்று அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வானிலை நிலையத்துக்கே போய்விட்டாள். “எங்க வீட்டுக்காரருக்கு எண்ணறதுக்கு ஏதாவது குடுங்க, இல்லேன்னா என்னை இங்கேயே வச்சுக்கோங்க” என்று சொன்னாளாம். அங்கே சிரித்துவிட்டு என் பெயரை மழை அளக்கும் தொண்டர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் செப்பு மழைமானி வந்து எங்கள் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டது. ஐந்து அங்குல வாய், உள்ளே புனல், அடியில் போத்தல், கூடவே கண்ணாடி அளவைக் குழல். தினமும் காலை எட்டு மணிக்குப் போத்தலை எடுத்து, குழலில் ஊற்றி, ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அம்மா, அந்த முதல் நாள் நூறில் முப்பத்தொன்று. என் கல்யாண நாளுக்கு அடுத்தபடி எனக்குப் பெரிய நாள் அதுதான்.

பதினோரு வருடம் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடு அளந்திருக்கிறேன். சூறாவளி போன மறுநாள், பக்கத்து வீட்டுத் தகரம் எங்கள் மாமரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே நின்று அளந்திருக்கிறேன். ஊரில் எனக்கு ‘மழை மாஸ்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கேலிப் பெயர்தான். எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

இந்த வருடம் வந்தது வறட்சி. தாங்களும் அதே தீவில்தான் இருக்கிறீர்கள், நான் என்ன புதிதாகச் சொல்ல. அணையில் மீன் பிடித்த இடத்தில் மாடு படுத்திருக்கிறது. குழாயைத் திறந்தால் பாம்பு சீறுகிற மாதிரி காற்று வருகிறது. ஊர்களுக்குத் தண்ணீர் லாரி அனுப்ப ஒரு பட்டியல் போட்டார்கள். எந்த ஊரில் மழை குறைவோ அந்த ஊருக்கு முதலில் லாரி. நியாயமான ஏற்பாடு, நானே கைதட்டினேன். பட்டியல் வெளியானது. கிலியட் கடைசி. எங்களுக்குப் பின்னால் பெயரே கிடையாது, வெறும் கையெழுத்துத்தான். ஏனென்றால் சுற்றிலும் எல்லா ஊரும் பூஜ்யம், பூஜ்யம் என்று அனுப்பிக்கொண்டிருக்க, என் பதிவேட்டில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் நூறில் ஐந்து, நூறில் ஒன்பது, நூறில் பதினான்கு என்று மழை.

பக்கத்து வீட்டு ஆல்வீரா டாங்கைத் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்கு ஏழு ஆடு, ஒரு வாய். ஆனால் அந்த ஒரு வாய் ஏழு ஆட்டுக்குச் சமம். பட்டியல் வந்த அன்று காலையில் நான் மழைமானியோடு நிற்கையில் வேலிக்கு மேலே தலை வந்தது.

“ஏய் எல்ராய், ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. மழை உன் குழாய்க்குள்ள மட்டும்தான் பெய்யுதா?”

“ஆல்வீரா, இது செப்பு. செப்பு பொய் சொல்லாது.”

“உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான்யா இருக்கு. என் ஆடு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. உன் பக்கம் மழையா?”

“மழை அப்படித்தான் பெய்யும். ஒரு வயல்ல பெய்யும், அடுத்த வயல்ல பெய்யாது.”

“அப்போ ஏன்யா உன் முற்றத்துல தூசி பறக்குது?”

இதற்கு நான் கிழக்குக் காற்றைப் பற்றிச் சொன்னேன். காற்று வேகமாக அடிப்பதால் விழுந்த ஈரம் உடனே உலர்ந்துவிடுகிறது, மழைமானிக்குள் காற்று புகாததால் அங்கே மட்டும் நிற்கிறது என்று விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். ஆல்வீரா தன் ஆடுகளில் ஒன்றிடம் திரும்பி, “கேட்டுக்கோ, உனக்குத் தாகமே இல்லையாம்” என்றாள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. மறுநாள் ஊரில் நான் எங்கே போனாலும் யாராவது குடை பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்கள். ரொட்டிக் கடையில் ஒருவன் என் தோளைத் துடைத்துவிட்டு, “நனைஞ்சிட்டீங்களே மாஸ்டர்” என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தண்ணீர் இலாகாவுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன், என் அளவுகளில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம், எல்ராய் டெரிக் எதற்கும் பயந்தவன் அல்ல என்று. தபால்பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். எர்மினாவிடம் சொன்னேன். அவள் உப்பு மீனை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு அதெல்லாம்?” என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தமில்லை, அம்மா.

ஆள் வந்தது. ஜொனெல் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மரியாதையான பெண். தன் மழைமானியைக் கொண்டுவந்து என் மழைமானிக்கு மூன்றடி தள்ளி நட்டாள். சுற்றிலும் கம்பிவலைப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. “பத்து நாள் கழிச்சு வரேன் சார். உங்க அளவை நீங்க வழக்கம்போல எழுதிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வழக்கம்போல எழுதினேன். மொத்தம் நூறில் முப்பத்து மூன்று. நிம்மதியாக இருந்தேன்.

பத்தாம் நாள் வந்து பூட்டைத் திறந்தாள். போத்தலைக் கவிழ்த்தாள். அதிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. அவ்வளவுதான். காய்ந்த எறும்பு.

வேலிக்கு மேலே ஆல்வீரா தலை.

ஜொனெல் என் பதிவேட்டை வாங்கிக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், போன வருடம், அதற்கு முந்தின வருடம் என்று விரலை வைத்துக்கொண்டே போனாள். மாமரத்தை மூன்று தரம் சுற்றி வந்துவிட்டேன். கடைசியில் அவள் தலையைத் தூக்கினாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. வறண்ட மாசத்துல எல்லாம் உங்களுக்கு அஞ்சு வருது, ஒம்பது வருது, பதினாலு வருது, அபூர்வமா பத்தொன்பது வருது. ஆறு வரல. பதினொண்ணு வரல. பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட வரல.”

“அதனால?”

“ஒரு மேசைக்கரண்டித் தண்ணியை உங்க மழைமானில ஊத்தினா அஞ்சு காட்டும். ரெண்டு ஊத்தினா ஒம்பது. மூணு ஊத்தினா பதினாலு.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்காத அளவுக்குத் தாழ்த்தவில்லை. “சார், உங்க ஊர்ல மழை கரண்டிக் கணக்குல பெய்யுது.”

ஆல்வீராவின் தலை வேலியிலிருந்து மறைந்தது. அது மறைந்தால் ஊருக்குள் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

அன்று மதியத்துக்குள் கிலியட் முழுவதும் ஒரே பேச்சு: எல்ராய் டெரிக் புத்தகத்தில் பெயர் வருவதற்காகத் தானே தண்ணீரை ஊற்றி அளந்து ஊரைத் தாகத்தில் போட்டுவிட்டான். என்னை நான் நியாயப்படுத்த நினைத்தேன். எப்படி? எனக்கே விளங்கவில்லை. பனித்துளி கரண்டி அளவில் விழுமா என்று யோசித்தேன். ஆடு வேலி தாண்டி வந்து ஏதாவது செய்திருக்குமா என்று யோசித்து, அந்தப் போத்தலில் இருந்ததை ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன், தங்களிடம் மறைப்பானேன். நல்ல தண்ணீர். குடிதண்ணீர். அடுப்படியில் எர்மினா மூடிவைத்திருக்கும் பானையில் எலுமிச்சைப் புல் ஒரு கட்டு போட்டுவைப்பாள். அந்த வாசனை அந்தச் சொட்டில் இருந்தது.

உள்ளே போனேன். அவள் சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

“ஆமா. நான்தான்.”

“எவ்வளவு நாளா?”

“நீ அளக்க ஆரம்பிச்ச முதல் வருஷம், ஃபிப்ரவரியிலேருந்து.”

“எர்மினா!”

“கத்தாத. களி கட்டி தட்டிடும்.” திரும்பாமலே பேசினாள். “அந்த ஃபிப்ரவரி உனக்கு ஞாபகம் இருக்கா? மூணு வாரம் ஒரு பொட்டு மழை இல்ல. தினம் காலைல போவ, பூஜ்யம்னு எழுதுவ, உள்ள வந்து எதையாவது கழட்டுவ. ஒருநாள் தையல் மெஷின். ஒருநாள் அலமாரி. அப்புறம் ஒருநாள் சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி துறைமுகத்துக்குப் போய், வேற ஆள் எண்ணற மூட்டையை நீ ஓரமா நின்னு எண்ணியிருக்க. அவங்க உன்னை வெளியே போகச் சொல்லிட்டாங்க. நீ என்கிட்ட சொல்லல. பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த பாரு, அந்த மூஞ்சியை நான் பாத்தேன் எல்ராய். மறுநாள் காலைல ரெண்டு கரண்டி ஊத்தினேன்.”

நான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“நீ அந்தக் காகிதத்தை ஆட்டிக்கிட்டே உள்ள ஓடி வந்த. ‘ஒம்பது! ஒம்பது!’ன்னு கத்தின. உக்காந்து சாப்பிட்ட. என் கையைப் பிடிச்சு ஒரு சுத்து ஆடின. பொம்பளை அதுக்கப்புறம் எப்படி நிறுத்துவா?”

“லாரி? ஊருக்குத் தண்ணி வராமப் போச்சே?”

“பட்டியல் வந்த அன்னைக்கே நிறுத்தினேன். நாலாம் நாள் நீ வாசக் கதவைக் கழட்டி வச்சுட்ட, கீல் சத்தம் போடுதுன்னு. கதவில்லாத வீட்ல எத்தனை நாள் இருக்கறது? மறுநாளே திரும்ப ஊத்தினேன். ஆல்வீராவுக்கு தினம் ஒரு வாளித் தண்ணி நம்ம தொட்டியிலேருந்து குடுத்துட்டிருந்தேனே, அது எதுக்குன்னு நினைச்ச? எனக்கு அவ ஆட்டு மேல ஆசையா?”

“அந்தப் பொண்ணு வந்தப்புறமுமா ஊத்தின?”

“அவ முன்னாடி நீ பூஜ்யம்னு தலைகுனிஞ்சு நிக்கறதை நான் பாக்கணுமா?” என்று கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள். “பெட்டிக்குப் பூட்டுப் போட்டுட்டா, பாவி. இல்லேன்னா அதுலயும் ரெண்டு ஊத்தியிருப்பேன்.”

அம்மா, நான் கோபப்பட முயன்றேன். உண்மையாகவே முயன்றேன். பதினோரு வருடம், நாலாயிரம் காலை, எது மழை எது கரண்டி என்று பிரிக்க முடியாமல் போய்விட்டதே என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் கோபம் பாதியில் வேறு எங்கோ போய்விட்டது. தட்டில் களி வைத்தாள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஜொனெலும் வந்திருந்தாள். நான் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு போயிருந்தேன். இத்தனை வருடம் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான், பழியும் எனக்கே. எழுந்து நின்றேன். தொண்டை காய்ந்திருந்தது, ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

“மழைமானியில தண்ணி ஊத்தினது நான்தான்,” என்றேன். “புத்தகத்துல நம்ம ஊர் பேரு நல்லா வரணும்னு ஆசைப்பட்டேன். தப்புதான். மன்னிச்சிருங்க.”

ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன் ‘வெக்கமா இல்லையாய்யா’ என்றான். கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளையின் காலிப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். அது அதைவிட மோசமாக இருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எர்மினா எழுந்தாள். நீலத் தொப்பி, கையில் பாட்டுப் புத்தகம்.

“பொய் சொல்றார்,” என்றாள். “இவர் ஊத்தினாராம். எங்க வீட்ல கரண்டி எங்க இருக்குன்னே இவருக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்க.”

ஆல்வீரா உடனே எழுந்தாள். “எல்ராய், கரண்டி எங்க இருக்கு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். “அலமாரியில,” என்றேன்.

“எந்தத் தட்டுல?”

அம்மா, நாற்பத்தோரு வருடக் குடித்தனம். கூரையில் எத்தனை ஆணி என்று சொல்வேன். இது தெரியவில்லை. “ரெண்டாவது” என்று ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன். “அலமாரியிலயே இல்ல, ஆணியில மாட்டியிருக்கு” என்றாள் எர்மினா. முதலில் யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு ஹால் முழுவதும். கைக்குழந்தைக்காரப் பெண்கூடச் சிரித்தாள். எர்மினா சிரிக்கவில்லை. நின்றபடியே, தான் ஏன் ஊற்றினாள் என்று எல்லாருக்கும் சொன்னாள், துறைமுகத்து விஷயம் உட்பட. நான் தரையில் ஒரு கல் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “உங்க பிள்ளைங்க தாகத்துல கெடந்ததுக்கு நான் பதில் சொல்லணும். லாரி வந்தா எங்க வீட்டுக்குக் கடைசியில ஊத்துங்க. வராமலே போனாலும் சரி,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆல்வீராதான் பேசினாள். “கடைசியில எல்லாம் வேணாம். எங்க வீட்டுக்கு ஊத்தறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு ஊத்தக் கூடாது, அவ்வளவுதான்.”

செவ்வாயன்று, அதாவது போன வாரம் இதே நாள், லாரி வந்தது. கிலியட் பட்டியலில் முதலாவது. ஆல்வீராவுக்கு முதல் வாளி. ஏழு ஆடும் வரிசையில் நின்று குடித்ததைப் பார்த்தேன். எண்ணவில்லை, ஏழு என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் லாரியோடு வந்திருந்த ஜொனெல் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள், “சார், இந்தப் பதிவேட்டை வச்சுக் கணக்குப் போட முடியாது. மொத்தமா ஒதுக்கித்தான் ஆகணும். உங்க மேல எனக்கு மரியாதை குறையல.” அந்தக் கடைசி வாக்கியம் நல்ல பெண் சொன்னது. ஆனால் அதற்கு முந்தின வாக்கியம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே அம்மா, அவமானம் என் வீட்டோடு போகட்டும், பிள்ளைகள் தப்பாகப் படிக்க வேண்டாம். நாற்பத்து நான்கை நீக்கிவிடுங்கள். கோடு போட்டுவிடுங்கள். எந்த ஊருக்கும் இல்லாத கோடு எங்கள் ஊருக்கு மட்டும் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தங்களுக்கும், தங்கள் கணவருக்கும், தங்கள் கூரைக்கும் ஆண்டவர் காலத்தோடு மழையைக் கட்டளையிடுவாராக; வந்தால் அளவாக வரட்டும், வராவிட்டால் லாரியாவது வரட்டும். எர்மினா தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உண்மையை ஒளிக்காத,
எல்ராய் டெரிக்
(மழை அளக்கும் தொண்டர், கிலியட், இன்றோடு முன்னாள்)

பின்குறிப்பு, அதே நாள், மாலை 4 மணி:

உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எர்மினாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “ஊத்தினதை மட்டும் எழுதியிருக்க, கொட்டினதை எழுதலையே” என்றாள்.

எதைக் கொட்டினது என்று கேட்டேன்.

“செப்டம்பர், அக்டோபர்ல மழை கொட்டுமே, அப்போ. காலைல பாத்தா ரெண்டு அங்குலம், மூணு அங்குலம் நிக்கும். அதை நீ பாத்தா என்ன செய்வ? வானொலியைக் காதுல வச்சுக்கிட்டு, ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சு, வெள்ளம் வருது வெள்ளம் வருதுன்னு என்னைத் தூக்கி மேஜை மேல உக்கார வச்சிடுவ. அதனால நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே பாதியை வாழைக்கு ஊத்திடுவேன்.”

எவ்வளவு கொட்டினாய் என்று கேட்டேன். “கோடையில போட்டதை மழைக்காலத்துல எடுத்துக்கறதுதானே நியாயம்? யாருக்கும் கடன் வைக்கல” என்றாள்.

உடனே ஆல்வீரா வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஜொனெலைக் கூப்பிட்டேன். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பத்து வருடச் சராசரியில் எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கிராமம் நாற்பத்து மூன்று. கிழக்கே உள்ளது நாற்பத்தைந்து. நடுவில் நாங்கள், நாற்பத்து நான்கு. பிறகு அவள், “சார், நான் எதுவும் கேக்கல, நீங்க எதுவும் சொல்லல” என்றாள்.

ஆகவே அம்மா, மேலே எழுதிய எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். கோடு வேண்டாம். நாற்பத்து நான்கு அப்படியே நிற்கட்டும். தபால்தலையை ஒட்டிவிட்டேன், அது வீணாகக் கூடாது என்பதற்காக மட்டுமே இதை அனுப்புகிறேன்.

ஒரே ஒரு விஷயம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘அளவு எடுத்தவர்: எ. டெரிக்’ என்று போட்டிருக்கிறீர்கள். முழுப் பெயரையும் போடச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் தங்களுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ‘எ. டெரிக்’ என்றே இருக்கட்டும். எங்கள் இருவருக்கும் முதல் எழுத்து அதுதான்.